ரத்தம் நின்ற பிறகும் சளி ஏன் வருகிறது?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. இரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாகும் நோய். பாதிப்பு மலக்குடலிலும் அதற்கு மேலே சிறிது தூரமும் இருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ரத்தம் போவது நின்று மூன்று மாதமாகிறது. ஆனாலும் மலத்தின் மேல் வெள்ளையாகச் சளி படிந்து வருகிறது. சில நாள் காலையில் மலமே இல்லாமல் சளி மட்டும் போகிறது. நோய் திரும்பிவிட்டதா, சென்ற முறை எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை மருந்துக் கடையில் வாங்கி மறுபடி தொடங்கலாமா, பால், தயிரை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

ஸ்டீராய்டு பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தொடங்க வேண்டாம். சளி ஒன்றை மட்டும் பார்த்து ஸ்டீராய்டு தொடங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. அதற்காக, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். சளியைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அதனுடன் சேர்ந்து வேறு என்னென்ன வருகின்றன என்று பார்த்தால்தான் விவரம் தெரியும்.

சளி எல்லோருடைய பெருங்குடலிலும் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. குடலின் உட்சுவரில் கோப்பை வடிவச் செல்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அவற்றின் முழுநேர வேலையே சளி சுரப்பதுதான். மலம் உரசாமல் நகர்வதற்கு மட்டும் இந்தச் சளி என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். 2008-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள், எலியின் பெருங்குடலில் இந்தச் சளி இரண்டு அடுக்காக இருப்பதைக் காட்டினார்கள். வெளியடுக்கு தளர்வானது, குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அதுவே வீடு. உள்ளடுக்கு இறுக்கமானது, குடல் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பாக்டீரியா எதையும் சுவரைத் தொடவிடாமல் தடுக்கிறது. மனிதக் குடலிலும் ஏற்பாடு இதுவே. கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தப் படலம்தான். இதற்கு அடிப்படையான புரதத்தை மரபணு மாற்றத்தால் இழந்த எலிகளுக்குத் தானாகவே பெருங்குடல் அழற்சி வந்துவிடுகிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அல்சரேட்டிவ் கோலைடிஸ் மும்முரமாக இருக்கும்போது கோப்பைச் செல்கள் குறைந்துபோகின்றன, உள்ளடுக்கும் மெலிகிறது. அப்படியானால் மலத்தில் சளி குறைய வேண்டும். ஆனால் நாம் பார்ப்பதோ அதிகமான சளி. காரணம், வெளியே வருவது ஒழுங்காக அடுக்கப்பட்ட அந்தக் காவல் படலம் இல்லை. அதிலிருந்து பிய்ந்த துண்டுகள், வீங்கிய சுவரிலிருந்து கசிந்த நீர், உதிர்ந்த செல்கள், அழற்சியை எதிர்த்து வந்து மடிந்த வெள்ளை அணுக்கள் எல்லாம் கலந்த கலவை அது. வெள்ளை அணுக்கள் கூடக்கூட அது கலங்கி, மஞ்சளாகவோ பச்சை கலந்தோ தெரியும். கண்ணாடி போன்ற, அல்லது லேசான வெண்மை கொண்ட சளி குடல் எரிச்சலுற்றிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. எதனால் என்று சொல்வதில்லை. நிறத்தை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். கட்டியான மலத்தின் மேல் பூச்சாக வந்தாலோ, மலம் இல்லாமல் தனியே வந்தாலோ, பெரும்பாலும் கடைசிப் பகுதியான மலக்குடலிலிருந்து வருகிறது. இளகிய மலத்தோடு கலந்தே வந்தால் அதற்கும் மேலே உள்ள பகுதியையும் நினைக்க வேண்டும். அல்சரேட்டிவ் கோலைடிஸ் மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும் நோய். ஆகவே ஆறும்போதும் மலக்குடல் கடைசியில் ஆறுவது வழக்கம்தான். மலக்குடல் அழற்சி உள்ளவர்களில் பலருக்கு மேலே உள்ள குடல் மந்தமாகி மலச்சிக்கல்கூட வருகிறது. மூன்று நாளாக மலம் போகவில்லை, ஆனால் தினமும் நான்கு முறை கழிவறைக்கு ஓடிச் சளியை மட்டும் கழித்துவிட்டு வருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. இதைப் பேதி என்று எண்ணி, வயிற்றைக் கட்டும் மாத்திரையை விழுங்கினால் நிலைமை மோசமாகும்.

காற்று என்று நினைத்து விட்டேன், சளி வந்துவிட்டது என்ற புகாரும் இதே இடத்திலிருந்துதான். அழற்சியால் விறைத்துப்போன மலக்குடலால் உள்ளே இருப்பது காற்றா, நீரா, மலமா என்று பிரித்தறிய முடிவதில்லை. வெட்கப்பட்டு இதை மருத்துவரிடம் மறைப்பவர்களே அதிகம். மறைக்காமல் சொல்லுங்கள்; மலக்குடல் இன்னும் சரியாகவில்லை என்பதற்கு அது நல்ல தடயம்.

மருத்துவர்கள் இந்த நோயின் தீவிரத்தை அளக்கப் பயன்படுத்தும் மேயோ மதிப்பெண் முறையில் எத்தனை முறை மலம் போகிறது, ரத்தம் எவ்வளவு, உள்நோக்கியில் குடல் எப்படித் தெரிகிறது, மருத்துவரின் மொத்தக் கணிப்பு என்ன என்ற நான்கும்தான் இருக்கின்றன. சளிக்கு அதில் மதிப்பெண் கிடையாது. இதே குடும்பத்து இன்னொரு குடல் அழற்சி நோயான க்ரோன் நோய்க்கான பழைய அளவுகோலிலும் கிடையாது. சளி வருகிறது என்று நீங்கள் கவலையோடு சொன்னபோது மருத்துவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தால், காரணம் அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அழற்சி இல்லாதவருக்கும் சளி வரும் என்பதால் அதை நம்பி மருந்தை ஏற்ற அவர் தயங்குகிறார். அந்தத் தயக்கம் சரியானது என்பது என் கருத்து. ஆனால் அடுத்த கேள்விக்குப் போவதற்கு முன் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கலாம்.

சளியோடு கூட வருபவற்றில் முதலாவது ரத்தம். ஒரு துளியானாலும், சளி இளஞ்சிவப்பாக இருந்தாலும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தூக்கத்திலிருந்து எழுப்பி மலம் கழிக்க வைக்கும் அவசரம். அழற்சி இல்லாமலே தொந்தரவு தரும் குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்) மட்டும் உள்ளவர்களைப் பொதுவாக அது தூக்கத்தில் எழுப்புவதில்லை, அழற்சி எழுப்பும். மூன்றாவது, முக்கல்: போன பிறகும் இன்னும் இருக்கிறது என்ற உணர்வு, உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வராமை. பிறகு காய்ச்சல், எடை குறைவு, மூட்டு வலி, கண் சிவப்பு, காலில் வலியுள்ள சிவந்த கட்டிகள். இவற்றில் எதுவும் இல்லாமல், நாளுக்கு ஒன்றிரண்டு முறை கட்டியாக மலம் போய், அதோடு சிறிது வெண்சளி வந்தால், பதற்றப்பட வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை என்றால் முதலில் நான் சொல்வது மலத்தில் கால்புரொடெக்டின். வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு புரதம் அது. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அமைதியாக இருக்கிறது என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். 250-ஐத் தாண்டினால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் வருவதுதான் தலைவலி: சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் எண் மாறும், ஒரு சோதனைக்கூடத்துக்கும் இன்னொன்றுக்கும் மாறும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கொடுங்கள். எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பாருங்கள். முதுகு வலிக்கும் பல் வலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைச் சாப்பிட்டிருந்தால் அதுவே இந்த எண்ணை ஏற்றிவிடும். அந்த மாத்திரைகள் உங்கள் நோயைக் கிளறிவிடவும் கூடும் என்பதால், வலிக்குப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உடலில் அழற்சி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி சோதனை இந்த இடத்தில் அவ்வளவு உதவாது. மலக்குடல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நோய் மும்முரமாக இருக்கும்போதே அது சரியான அளவில் இருப்பதுண்டு.

கால்புரொடெக்டின் குறைவாக இருந்து, உள்நோக்கியிலும் குடல் ஆறியிருந்து, அப்போதும் சளி வந்தால்? அதுவும் நடக்கிறது. நோய் அடங்கிய பிறகும் கணிசமானவர்களுக்குக் குடல் எரிச்சல் நோய் போன்ற தொந்தரவுகள் தொடர்கின்றன: வயிற்றுப் பிடிப்பு, உப்புசம், மாறி மாறி மலச்சிக்கலும் இளக்கமும், அதோடு வெண்சளி. இவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஒரு பலனும் இருக்காது. எலும்பும் சர்க்கரையும்தான் பாதிக்கப்படும். மலச்சிக்கலைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்குச் சளி குறைகிறது என்பது என் அனுபவம். மூலம், மலக்குடல் இறக்கம், முக்கி முக்கி மலக்குடலில் உண்டாகும் தனிப்புண் ஆகியவையும் சளியை வரவைக்கும். இந்த நோய் இருப்பவருக்கு அவை வரக் கூடாது என்று விதி எதுவும் இல்லையே.

சளியே இல்லாததைச் சளி என்று நினைத்துப் பயப்படுவதும் உண்டு. இசப்கோல் உமி சாப்பிடுபவர்களின் மலத்தில் வழவழப்பான கூழ் வரும். இரவில் சப்போசிட்டரி (ஆசனவாய் வழியாக வைக்கும் மெழுகு போன்ற மருந்து) வைத்தவர்களுக்குக் காலையில் அதன் வெள்ளை மெழுகு வெளியேறும். எனிமா மருந்தின் மிச்சமும் அப்படியே. சில மெசலமைன் மாத்திரைகளின் கூடு கரையாமல் மலத்தில் தென்படும். புதிதாக ஏதாவது மருந்து சேர்ந்த மறுநாளே சளி கூடினால் இதை முதலில் யோசியுங்கள். இன்னொன்று: இந்திய பாணிக் கழிவறைப் பீங்கானில் மலம் நீரில் மூழ்காமல் கிடப்பதால் சளி பளிச்சென்று தெரியும், மேல்நாட்டுப் பாணியில் தண்ணீருக்குள் விழுந்து பரவிவிடும். வீடு மாறியதும் சளி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்பவர்களை நான் முதலில் கேட்பது கழிவறை மாறியதா என்பதைத்தான்.

அடுத்து, நம் ஊரில் தவறவிடக் கூடாத விஷயம் தொற்று. ரத்தமும் சளியும் கலந்து வந்தால் பாட்டி காலம் தொட்டுச் சீதபேதி என்கிறோம். மருந்துக் கடைக்குப் போனால் அமீபாத் தொற்றுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். இதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. கோலைடிஸ் உள்ள ஒருவர் அமீபா என்று எண்ணி மாதக்கணக்கில் அந்த மாத்திரையையே தின்றுகொண்டு உண்மையான நோய்க்குச் சிகிச்சை பெறாமல் போகிறார். மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து அமீபா சிஸ்ட் (அமீபாவின் கூடு கட்டிய வடிவம்) இருக்கிறது என்று எழுதித் தரும் அறிக்கையும் முழுச் சான்று ஆகாது. தீங்கு செய்யாத ஓர் அமீபா வகையும் பார்வைக்கு அச்சு அசலாக அதேபோல் இருக்கும். மறுபக்கம், உண்மையாகவே அமீபாத் தொற்று இருக்கும்போது, கோலைடிஸ் திரும்பிவிட்டது என்று ஸ்டீராய்டைத் தொடங்கினால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி தனியாக வந்து கோலைடிஸைப் போலவே நடிக்கும். அதற்கு மலத்தில் நச்சுச் சோதனை உண்டு. பல ஆண்டு நன்றாக இருந்து திடீரென்று சளியும் பேதியும் வந்தால், நோய் திரும்பியது என்று முடிவு செய்வதற்கு முன் மலச் சோதனை செய்தே ஆக வேண்டும்.

க்ரோன் நோய் உள்ளவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் திட்டுத் திட்டாக வரும். பெருங்குடலில் இருந்தால் மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் சளி பெரும்பாலும் வராது. ஆகவே சளி இல்லை என்பது நோய் அடங்கியதற்கு அடையாளம் ஆகாது. உங்களுக்கு வயிற்று வலி, சாப்பிட்ட பின் உப்புசம், வாந்தி, எடை குறைவு ஆகியவையே பேசும். உள்ளாடையில் சளி படிகிறது என்றால் அது குடல் வழியாகத்தான் வருகிறதா என்று பாருங்கள். ஆசனவாய்க்கு அருகே பவுத்திரம் திறந்து அதிலிருந்து சீழ் வடியலாம். வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் சீழ்க்கட்டி; காத்திருக்காமல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன் நோயும் ஒன்றையொன்று போலவே தோன்றும் என்பதால், சிகிச்சைக்குப் பலன் இல்லையென்றால் நோயறிதலையே மறுபடி கேள்வி கேட்பது தவறில்லை.

அறுவை சிகிச்சை செய்து வயிற்றில் பை வைத்திருப்பவர்களும் பயப்படுகிறார்கள்: மலம்தான் பைக்குள் போகிறதே, கீழே எப்படிச் சளி வருகிறது? மலக்குடலை எடுக்காமல் விட்டிருந்தால் அது சளியைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். தேங்கி இறுகினால் கனமாக, மலம் வருவதுபோல உணர்வு வரும். தினமும் ஒருமுறை கழிவறையில் அமர்ந்து மெல்ல வெளியேற்றினால் போதும். இறுகியிருந்தால் கிளிசரின் சப்போசிட்டரி உதவும். ரத்தமோ நாற்றமோ வந்தால் அது வேறு, சொல்ல வேண்டும்.

இனி பாலும் தயிரும். மார்புச் சளி வேறு, குடல் சளி வேறு. தயிர் குளிர்ச்சி, அதனால் குடலில் சளி கட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. விழுங்கிய சளி அப்படியே கீழே இறங்கி வருவதும் இல்லை, வழியிலேயே செரித்துவிடும். பால் குடித்தால் வயிறு பொருமி இளகிப் போகிறவர்களுக்கு லாக்டோஸ் செரிமானக் குறை இருக்கலாம். அவர்கள் பாலைக் குறைத்துத் தயிரையும் மோரையும் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இந்த நோயில் எலும்பு மெலிய வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு அதை இன்னும் மெலியவைக்கும். இந்த நிலையில் காரணமில்லாமல் பால் பொருட்களை நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. நோய் மும்முரமாக இருக்கும் வாரங்களில் கீரைத்தண்டு, பச்சைக் காய்கறி, தோலோடு கூடிய பயறு ஆகியவற்றைக் குறைத்து, குழைந்த சாதம், இட்லி, மீன், முட்டை என்று போனால் வயிறு சுகமாக இருக்கும். மாதுளை ஓட்டுக் கஷாயமும் வில்வப் பழமும் மலத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் எத்தனை முறை போகிறது என்ற எண்ணிக்கையை அவை மறைத்துவிடும், உள்ளே புண் ஆறியதா என்பது தெரியாது. அவற்றைச் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மெசலமைனை நிறுத்திவிட்டு அவற்றுக்கு மாறாதீர்கள்.

அவசரமாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1955-இல் வகுத்த அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாளில் ஆறு முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு மலம், அதோடு 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித்துடிப்பு, 10.5-க்குக் கீழே ஹீமோகுளோபின், 30-க்கு மேல் ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) என்பவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது கடுமையான தாக்குதல். வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. வயிறு உப்பி இறுகி, மலம் குறைந்துவிட்டால் குணமாகிறது என்று மகிழ வேண்டாம்; பெருங்குடல் ஊதிப் பெருத்து ஆபத்தாகும் நிலையாக இருக்கலாம். அந்தச் சமயத்தில் வயிற்றைக் கட்டும் லோபராமைடு மாத்திரையைச் சாப்பிடவே கூடாது. நோய் மும்முரமாக இருக்கும்போது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே போங்கள்.

இனி உங்கள் விஷயம். மூன்று மாதமாக ரத்தம் இல்லை, சளி மலத்தின் மேல் பூச்சாகவும் தனியாகவும் வருகிறது, மாத்திரை மட்டும் சாப்பிடுகிறீர்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மலக்குடல் முழுதாக ஆறவில்லை என்றே முதலில் சந்தேகிக்கிறேன். மாத்திரை மருந்து மலக்குடலைச் சென்றடைவதற்குள் குறைந்துவிடும். அதனால்தான் மாத்திரையோடு ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தையும் சேர்த்தால் மாத்திரை மட்டும் சாப்பிடுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. இது பலமுறை சோதித்து உறுதியான விஷயம். ஆனாலும் நம்மிடையே கூச்சத்தினால் வீணாகிப்போகும் சிகிச்சை இதுவே. மலக்குடல் மட்டும் என்றால் தினமும் இரவு ஒரு கிராம் மெசலமைன் சப்போசிட்டரி; அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் எனிமா. சப்போசிட்டரி மலக்குடலைத் தாண்டி மேலே போகாது என்பதால் உங்களுக்கு எது என்பதை உங்கள் கொலோனோஸ்கோபி (உள்நோக்கியால் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் சோதனை) அறிக்கையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். படுக்கப்போகும் முன் மலம் கழித்துவிட்டு, இடப்பக்கம் சாய்ந்து படுத்து, முனையைத் தண்ணீரில் நனைத்து உள்ளே வைத்தால் எரிச்சல் இருக்காது. வைத்தவுடன் எழுந்து நடமாடாதீர்கள். முதல் சில நாட்கள் வெளியே வந்துவிடும். மலக்குடல் ஆற ஆற அது தங்கும். மெசலமைன் தொடங்கிய சில நாளிலேயே பேதியும் ரத்தமும் கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் அப்படிச் செய்யும்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை முறை, இரவில் எழுந்தீர்களா, சளி பூச்சாகவா தனியாகவா, ரத்தம் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். விவரிக்கக் கூச்சமாக இருந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். குடல் மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார். கால்புரொடெக்டினும் மலத்தொற்றுச் சோதனையும் எழுதித் தரும்படி கேளுங்கள். சப்போசிட்டரியையோ எனிமாவையோ ஒழுங்காக வைத்து நான்கிலிருந்து ஆறு வாரமாகியும் சளி குறையவில்லை, அல்லது கால்புரொடெக்டின் உயர்ந்தே இருக்கிறது என்றால், முழுக் கொலோனோஸ்கோபிக்குப் போகாமல் குட்டையான உள்நோக்கியால் மலக்குடலையும் அதை ஒட்டிய பகுதியையும் மட்டும் பார்க்கலாம். முந்தின நாள் முழுக்க மருந்து குடித்து வயிற்றைக் கழுவ வேண்டியதில்லை. ஓர் எனிமா போதும், பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவைப்படாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.